கம்ப்யூட்டர் சூடு

போன வாரம் என் மகன் கால் வலிக்கிறது என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோவில் இருந்தோம். பந்து விளையாடியதில் வந்த சுளுக்கு. டாக்டர் அவன் காலை விட்டுவிட்டு என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கால் வலி என்று யார் சொன்னாலும் நான் இப்படித்தான்.

காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து வந்து, ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வேலையோடு வேனல்கட்டிகளும் வந்தன. முதலில் கழுத்தில். பிறகு, வைத்து உட்கார வேண்டிய இடத்தில்.

"ஏசி ரூம்ல இருக்கிறவனுக்கு எப்படி வேனல்கட்டி வரும்?" என்றார் அப்பா. அவருக்கு ரயில்வே பட்டறையில் உலைப் பக்கம் வேலை. ஒரு பரு கூட வந்ததில்லை.

"ஏசி அவனுக்காகவா போட்டிருக்கு? கம்ப்யூட்டருக்கு. அதுக்கே ஏசி வேணும்னா, அது எவ்வளவு சூடு கக்கும்னு பாருங்க," என்றாள் அம்மா.

மாமாவுக்கு நன்னாரி சர்பத் கிடைத்தது. கட்டியைத் துடைத்த துண்டு கொடியில் காய்ந்தது. குளித்துவிட்டு வருகிற யார் கைக்கும் முதலில் அகப்படுவது அதுதான்.

ஆறாம் வகுப்பு விடுமுறையொன்றில் மாமா என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் கார் பந்தய விளையாட்டு ஆட விட்டார். அவரும் என்னோடு போட்டி போட்டார். நான்தான் ஜெயித்தேன். சில நாளில் என் முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டி. வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கட்டி உடைந்து ஆறியபின் காலுக்குள்ளே வலித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கணக்குப் பரீட்சை நெருங்கியிருந்ததால் யாரும் நம்பவில்லை. காய்ச்சல் கொதித்து, காலை ஊன்ற முடியாமல் போனதும் மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்தார், பாவம்.

எலும்புக்குள் சீழ், ஆபரேஷன் செய்ய வேண்டும், கால் பழையபடி நடக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. வீட்டில் யாருக்காவது கட்டி வருமா என்றும் கேட்டார்.

"என் தம்பிக்கு வரும். கம்ப்யூட்டர் வேலை," என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவிலும் கொஞ்சம் நிமிர்ந்து.

கம்ப்யூட்டர் பாவம் என்றார் டாக்டரம்மா. இது விஷம் கக்கும் ஒரு கிருமி. தோலில் இருந்தால் கட்டி, எலும்பிலோ மூட்டிலோ இறங்கினால் இப்படி. சிலர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும், துண்டு வழியாகவும் பரவும். எங்கள் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டார்கள். அப்பா நர்ஸ் மேலேயே தும்மினார். "அமெரிக்கா விசாவுக்குக்கூட இதெல்லாம் கேக்க மாட்டாங்க," என்று மாமா சிரித்தார். முடிவு வந்தது. குடியிருந்தது அவர் மூக்கில்.

அதன்பிறகு மாமா தினமும் வந்தார், ஆனால் வார்டு வாசலிலேயே நின்றார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. மூக்கில் மருந்து பளபளத்தது. நான் கூப்பிட்டால், "நக்கோ பிள்ள," என்பார். கீரையைத் தள்ளும்போது, வேண்டாம் என்பதற்கு நான் சொல்கிற நக்கோ. ஹைதராபாத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை.

ஆபரேஷன் முடிந்து பல வாரம் கழித்து, கட்டிலைப் பிடிக்காமல் நான் முதன்முதலாக நடந்தேன். நேராக அவரை நோக்கித்தான். நான் ஓர் அடி வைக்க, அவர் ஓர் அடி பின்வாங்கினார். அப்படியே வராந்தா முழுக்கப் பின்னாலேயே நடந்து, சுவரில் முட்டி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையை அவசரமாக மறைத்துக்கொண்டார்.

கார் பந்தயத்தில் தோற்ற கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை அவரையே ஜெயிக்க விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.