அப்பாவுக்குப் போன ராணுவ மரியாதை

என் சித்தப்பா பத்தொன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தார். அத்தனை வருஷமும் என் அப்பாவின் பெயரில் இருந்தார்.

சேரப் போனபோது சித்தப்பாவுக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு படிப்பை மூட்டை கட்டியவர். பட்டாளத்துக்குப் பதினெட்டு வயதும் பத்தாவது பாஸும் வேண்டும். இரண்டும் அவருடைய அண்ணனிடம், அதாவது என் அப்பாவிடம், இருந்தன. அப்பா தன் சர்டிஃபிகேட்டை எடுத்துக் கொடுத்து, இப்போதைக்குச் சேர்ந்துகொள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரே சர்டிஃபிகேட்டில் இரண்டு பேர் அரசாங்க உத்தியோகம் பார்க்க முடியாதல்லவா? அப்பா லாரிப் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து நாற்பது வருஷம் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தார். இதைத் தியாகம் கியாகம் என்று வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டாளத்திலிருந்து வந்ததும் எங்களோடுதான் இருந்தார். ஒரே பெயருக்கு இரண்டு பேர்வழிகள். தபால்காரர் கடிதத்தை ஆட்டிக்கொண்டே, "இது சுடுற ஆளுக்கா, பத்த வைக்கிற ஆளுக்கா?" என்று கேட்பார்.

சித்தப்பாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பட்டாளத்துக்காரனாகப் புதைக்கப்பட வேண்டும். படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் இடம், பெட்டி மேல் கொடி, விறைப்பாக நிற்க ஆறு பேர், பியூகிள் ஊத ஒருவன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, மெடலைக் குத்திக்கொண்டு எல்லாச் சாவுக்கும் போய்விடுவார். திரும்பி வந்ததும் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர் மாதிரி குறை சொல்ல ஆரம்பிப்பார். கொடி மடித்தது கோணல், ஊதினவனுக்கு மூச்சு போதவில்லை, ஒருத்தன் பூட்ஸில் பாலிஷே இல்லை. "என்னோடதுக்கு நல்ல ஆளா அனுப்பச் சொல்லணும்டா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

முதலில் போனது அப்பா. காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. பெயர், பிறந்த தேதி, தாத்தாவின் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்த விவரம் பட்டாளப் பதிவோடு ஒத்துப்போனதால், மத்தியானம் முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ரொம்ப இதமான குரல். உங்கள் அப்பா பெயர் இதுதானே என்றார். ஆமாம் என்றேன். பிறந்த தேதி? ஆமாம். தாத்தா பெயர்? ஆமாம். மூன்றும் உண்மைதானே, நான் என்ன பொய்யா சொன்னேன்? பிறகு, ராணுவ மரியாதைக்கு ஆள் அனுப்புகிறோம், சம்மதமா என்றார்.

எனக்கு விஷயம் புரியாமல் இல்லை. பச்சைப் பிள்ளையா நான்? ஆனால் பட்டறைத் தரையிலேயே ஆயுசைக் கழித்த மனுஷனுக்காக ஒரு நாளாவது யாராவது விறைப்பாக நிற்கட்டுமே என்று பட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊதுறதுக்கு ஆள் வருதா?"

"வருதாம் சித்தப்பா."

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "தம்பி, இப்பவே போன் போட்டு உண்மையச் சொல்லிடுங்க. இத விட்டா உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

"சொன்னா அண்ணனை வாசல்ல போட்டுட்டு விசாரணை நடக்கும் அண்ணி. சர்டிஃபிகேட் அவரோடது. அவரே வாங்கிக்கட்டும்."

மறுநாள் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவைப் புதைக்க ஆறு பேர் வந்தார்கள். சித்தப்பா மெடல் குத்தவில்லை. சாதாரணச் சட்டையில் சொந்தக்காரர்களோடு நின்றார். கொடியை அவ்வளவு ஒழுங்காக மடித்து நான் பார்த்ததில்லை. பியூகிள் கிளம்பியதும் அவர் கை தானாக நெற்றிக்குப் போனது; பாதியில் நிறுத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதைக் கவனித்துவிட்ட இளம் அதிகாரி கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, நீங்களும் சர்வீஸா?"

"இல்லீங்க. நான் தம்பி."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தேனா? இல்லை.

சித்தப்பாவுக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் நின்றது. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் தொல்லை தாங்காமல் சித்தப்பா ஒரு தடவை அந்த அலுவலகத்துக்குப் போனார். இறந்துபோன வீரரின் தம்பி வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பினார்களாம். அத்தனை மரியாதைக்கு நடுவில் நான்தான் அந்த வீரன் என்று எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யார் சாவுக்கும் போகவில்லை.

எட்டு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். நான் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் பேசிய அதே அம்மாதான் எடுத்தார். பதினாறு வயதிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் கொட்டினேன். அவர் சர்வீஸ் ஃபைலைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது.

"படத்துல இருக்கிறது சின்னப் பையன்தாங்க. அண்ணன்னாலும் சரியா இருக்கு, தம்பின்னாலும் சரியா இருக்கு. மரியாதை செஞ்சு முடிச்சாச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் செய்ய முடியும்."

அப்பா பக்கத்திலாவது இடம் கிடைக்குமா என்று கெஞ்சினேன். வீரரின் மனைவிக்கு மட்டும்தான் உண்டு, தம்பிக்கு விதியில் இடமில்லை என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நகராட்சி மயானத்தில், சுற்றுச்சுவர் ஓரமாக இடம் கொடுத்தார்கள். நான், அம்மா, அப்பாவின் பட்டறையிலிருந்து இரண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம். குழியை மூடிய பிறகு அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைத் திறந்து சித்தப்பாவின் சொந்தப் பெயரை எழுதினார். என்ன தொழில் செய்தார் என்று கேட்டார். பட்டாளம் என்றேன்.

"அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?"

சித்தப்பாவின் பெயரில் காகிதம் என்று ஒன்றுமே கிடையாது. எழுத்தர் தொழில் என்ற கட்டத்தில் ஏதுமில்லை என்று எழுதி, பதிவேட்டை என் பக்கம் திருப்பி, சரியென்றால் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.