தொப்பிக்காக இறக்கிய முடி

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மனிதர்கள் நடக்கும்போதும் தடுமாறும்போதும் மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. தலையில் ஒரு தொப்பியை மாட்டுவோம். அதிலுள்ள சின்ன விளக்குகள் மண்டைக்குள் வெளிச்சம் அனுப்பும். திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்ப்போம். முடி அடர்த்தியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் தொப்பியைத் துடைப்பது என் வேலை. ஊரார் எண்ணெயும் வியர்வையும் விரலில் பிசுபிசுக்கும். எனக்குக் குமட்டும்.

பெரும்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். கூடையோடு நடக்கும்போது மூன்று தடவை விழுந்திருந்தார். ஏன் விழுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கூடை தூக்க முடியாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. கொண்டையை அவிழ்த்தால் இடுப்புவரை முடி. சீப்பின் காம்பால் அரை மணி நேரம் வகிடு எடுத்துப் பார்த்தேன். திரையில் வெறும் கிறுக்கல்தான் வந்தது. மீன் வாடை வேறு.

"மொட்டை அடிச்சிட்டு வந்தா பார்க்கலாம்க்கா" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து நின்றார்.

"அம்மனாண்ட வேண்டிக்கினு எறக்கிட்டேன் சார். இப்போ லைட்டு உள்ள பூந்துடும் இல்ல?"

சந்தனத்தை நான்தான் ஈரப் பஞ்சால் துடைத்தேன். அவர் நடந்தார், மெத்தைமேல் ஒற்றைக்காலில் நின்றார். திரையில் அவ்வளவு சுத்தமான கோடுகளை நாங்கள் பார்த்ததே இல்லை. "இதையே கான்ஃபரன்ஸ்ல போட்டுடலாம்" என்றார் எங்கள் பெரிய சார். திரையைத்தான் பார்த்தார், அந்தத் தலையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தொப்பியைக் கழற்றியதும் அக்கா கேட்டார். "இன்னா தெரிஞ்சுது சார்? நா ஏன் வுழுறேன்?"

தனிப்பட்ட முடிவு யாருக்கும் சொல்லப்படாது என்று ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில் இருந்தது. அதை மூச்சுவிடாமல் வாசித்துக் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். உண்மையில், ஒருவருடைய கோடுகளை மட்டும் வைத்து எங்களுக்கு எதுவும் சொல்லத் தெரியாது. ஒருவன் ஊரை ஏமாற்றினால் 'மொட்டை அடிக்கிறான்' என்பார்கள். நாங்கள் நிஜமாகவே அடித்திருந்தோம். சீ என்று இருந்தது.

"உங்களை மாதிரி நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தாதான்க்கா தெரியும்."

அவர் மண்டையைத் தடவியபடி கொஞ்சம் யோசித்தார். கேட்டதில் கேலியே இல்லை.

"அப்போ அவங்களும் மொட்ட அடிச்சுகினு வரணுமா சார்?"