மாத்திரை சுட்ட வாய்

மருந்துக்கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போவார்கள், அது வேலையைக் காட்டினால் நம்மைத்தான் பிடிப்பார்கள். தொண்ணூறுகளில் புனே பக்கம் தேஹு ரோடு பஜாரில் ஒரு மெடிக்கலில் இருந்தேன். கவுண்டரில் தமிழ் பேசுபவன் நான் ஒருவன்தான் என்பதால், நம்மூர்க்காரர்களின் வாயெல்லாம் என் முன்னால்தான் திறந்தது.

கன்னத்துக்குள் வைத்தியம்

அந்தப் பக்கம் பெண்களுக்கு மிஸ்ரி பழக்கம் உண்டு, அங்கே குடியேறிய நம்மூர்ப் பெண்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. கருக்கிய புகையிலைத் தூளை ஈறில் தேய்த்து அப்படியே அடக்கிக்கொள்வார்கள். பல்வலி என்று வந்த காந்தா அக்கா, நான் கொடுத்த மாத்திரையையும் சொத்தைப் பல்லோரம் அதேபோல் அடக்கிக்கொண்டு தூங்கிவிட்டார். மறுநாள் ஈறு வெந்து, வெள்ளையாகத் தோல் உரிந்து வந்து நின்றார். தண்ணீர் ஊற்றி விழுங்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"வலி பல்லுல இருக்குது, வயித்துக்கு எதுக்குப்பா குடுக்கணும்?"

திருட்டுப் பீடி

அங்கிருந்த ராணுவ டெப்போவில் பெட்டி தூக்கும் பொன்னுசாமி அண்ணன், பீடியை விட்டுவிட்டதாகக் குலசாமி மேல் சத்தியம் பண்ணியிருந்தார். ஆனால் கீழுதட்டில் நெருப்புப் பட்டதுபோல் ஒரு கறுப்பு வட்டம். திருட்டுப் பீடிதான் என்று முடிவுகட்டிய அவர் மனைவி சரோஜா அக்கா, பேச்சையே நிறுத்திவிட்டார். வீட்டில் சோற்றுத் தட்டு மட்டும் ணங்கென்று பேசும். மனுஷன் பாதியாகிவிட்டார், பார்க்கவே பாவமாக இருந்தது.

"எப்பண்ணே எரியுது?" என்று கேட்டேன். இடுப்பு வலிக்கிற அன்றைக்குத்தான் என்றார். இடுப்பு வலித்தால் அவர் போடுவது எங்கள் கடை மாத்திரை. போடும்போதெல்லாம் உதட்டில் அதே இடம் வேகிறது! டாக்டரிடம் அனுப்பினேன். அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல்தான் உதடு வெந்து கறுக்கிறது, இனித் தொடவே கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார். அண்ணன் நேரே என்னிடம் ஓடிவந்தார்.

"நீயே வந்து அவகிட்ட சொல்லு தம்பி. நான் சொன்னா அந்தக் குலசாமியே நம்பாது."

சமாதானக் குழம்பு

போய்ச் சொன்னேன். சரோஜா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். கறிக்கொழம்பு வெக்கிறேன், புரிஞ்சிக்கட்டும்" என்றார்.

மறுநாள் அண்ணன் உதட்டைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தார். புண் ஆறவில்லை, குழம்போ நல்ல காரம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உசுரே பூடுச்சி தம்பி. ஆனா வேணாம்னா மறுபடி பேசமாட்டாளே, ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் துன்னேன்."

மாத்திரை சுட்ட வாய்க்கு எங்கள் கடையில் களிம்பு இருந்தது, மனைவி மனமிரங்கிச் சுட்ட வாய்க்குத்தான் எந்தக் கம்பெனியும் மருந்து போடவில்லை.