பரண் துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

வேலாத்தாளுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டிலும் அதே கண்தான், ஒரு பிசிறு இருக்கக் கூடாது. 2004 ஆயுத பூஜைக்குப் பரணை ஒழித்தபோது, செத்துப்போன மாமனாரின் துப்பாக்கி சாக்குக்குள் கிடந்தது. காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸோடு வைத்திருந்தது; அவர் போனதும் லைசென்ஸும் போயிற்று. அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டதாக மகன் அர்த்தநாரியிடம் மனுஷன் சொல்லியிருந்தார். இவள் புருஷன், கட்டிங் மாஸ்டரான அர்த்தநாரி அன்றைக்குக் கம்பெனி பூஜையில் இருந்தார். இவள் என்ன செய்தாள்? அரிவாள்மணையோடு அதையும் துடைத்து, வாசல் வெயிலில் காயவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மறுபடி பரணில் ஏற்றிவிட்டாள். புருஷனிடம் சொல்லத் தோன்றவில்லை. அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்ததையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

எந்தப் புண்ணியவான் பார்த்துச் சொன்னானோ, எட்டாம் நாள் காலையில் போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. கீழே இறங்கிய துப்பாக்கியில் இருந்த பொட்டை அர்த்தநாரி பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் கண்ணாலேயே அடக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார்.

தெரியாத துப்பாக்கிக்குப் புதுச் சந்தனம் எப்படி வந்தது என்று கோர்ட்டு கேட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகும்போது அவள் ஆரம்பிப்பாள். "பேசாத இரு புள்ள. உன்னையுங் கூட்டீட்டுப் போயிருவாங்க" என்பார் அவர். இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள். அவருக்கு மூன்று வருடம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது.

அப்பீல் முடியும்வரை ஜாமீனில் எடுக்கலாம் என்றார் வக்கீல் ஞானசம்பந்தம். கையெழுத்துப் போட ஊரில் ஒருத்தரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், அழுக்காக்க ஆளில்லாத வீட்டை வேலாத்தாள் கூட்டிக் கழுவினாள். அங்கே இருக்கவே பிடிக்கவில்லை.

கடைசியில் வக்கீலிடம் உடைத்துவிட்டாள். "பொட்டு வெச்சது நானுங்க. அவருக்கு நெசமாவே தெரியாதுங்க."

"இதைக் கீழ்க்கோர்ட்டுல கூண்டேறிச் சொல்லியிருக்கணும்மா. அப்பீல்ல புதுசா சாட்சி எடுக்கறது அபூர்வம். கேட்டுப் பாக்கறேன்."

கேட்டார். இத்தனை நாள் சொல்லாததை இப்போது ஏற்க முடியாது என்று அந்த மனுவோடு அப்பீலும் தள்ளுபடியானது.

கோவை ஜெயிலில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அர்த்தநாரி அப்பீலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்த வருசப் பூஜைக்கு, என்ற கத்திரிக்குப் பொட்டு வெச்சியா, புள்ள?"

"வெச்சேனுங்க."

வைக்கவில்லை. போலீஸ் வந்துபோன நாளிலிருந்து அவள் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டதே இல்லை. நிஜத்தைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. இந்தப் பொய்யை அவர் உடனே நம்பித் தலையாட்டினார்.