குடுவையைக் குலுக்கிய வேகம்

சென்றாயனின் அண்ணன் எழுதிய கடிதம் ஆய்வுக்கூட முகவரிக்கு வந்தது. "தம்பி மலைக்காய்ச்சலில் பத்து நாள் கிடந்து புதன்கிழமை தவறிவிட்டான். உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தான்." அவ்வளவுதான். ஏன் எழுதச் சொன்னான் என்று இல்லை.

அவனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவன் அளவெடுக்கத் தெரியாதவன் என்று உங்களில் பலர் நினைத்தீர்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

அவனுக்கு ஊர் சிலமலை. எனக்குப் போடி. சென்னையில் ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்தோம். ஏலக்காய் எண்ணெயிலிருந்து பிரித்த ஒரு பொருளில் ஹைட்ரஜனைச் சேர்ப்பது அவன் வேலை. அதற்கு நிக்கல் தூள் வேண்டும், அதுதான் வினையூக்கி. தூளையும் பொருளையும் ஒரு கரைப்பானில் இட்டு, மேலே வாயுவை நிரப்பி, குடுவையைக் குலுக்க வேண்டும். எல்லோரும் நிக்கலைப் பற்றியே பேசினார்கள். சென்றாயன் மட்டும், "நிக்கலு எதுல நிக்குதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டேங்கிறான்" என்பான்.

அவன் பார்த்தான். அதே நிக்கல், அதே வாயு. ஆல்கஹாலில் வினை வேகமாக நடந்தது, ஹெக்சேன் என்ற கரைப்பானில் அதில் பாதி. மதுவிலக்கு நாட்கள். ஒவ்வொரு புட்டி ஆல்கஹாலுக்கும் அனுமதிச் சீட்டு. "மாப்ளே, ஊரே வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. இந்த நிக்கலப் பாரு, பர்மிட்டு வாங்கிக் குடிச்சிட்டு என்னா ஆட்டம் போடுது!" நாங்கள் சிரித்த சத்தத்தில் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார். இன்னொருவர் செய்தாலும் இதே எண்கள் வரவேண்டும். அந்த இன்னொருவர் நான்.

அவன் குறித்துக் கொடுத்த வேகத்தில் குலுக்கியபோது குடுவையின் கழுத்தில் வாயு கசிந்தது. கண்ணாடி அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்தது அந்த ஒரே குடுவை. உடைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். மோட்டாரின் பெல்ட்டைத் தளர்த்தி மெதுவாகக் குலுக்கினேன். நோட்டில் எழுதவில்லை. எல்லாக் கரைப்பானிலும் ஏறக்குறைய ஒரே வேகம் வந்தது.

பேராசிரியர் அவன் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தின் குறுக்கே கோடு போட்டார். சென்றாயன் ஊருக்குப் போய், அங்கிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறினான்.

எனக்குப் புரிந்தது சில வாரங்கள் கழித்து. மெதுவாகக் குலுக்கினால் வாயு திரவத்துக்குள் இறங்குவதே தாமதம். நிக்கல் பட்டினி கிடக்கிறது. எந்தக் கரைப்பானில் கிடந்தாலும் பட்டினிதான். நான் அளந்தது வாயு இறங்கிய வேகத்தை. நிக்கலின் வேகத்தை அல்ல.

அடுத்த ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் மலைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். ஏலக்காய் உலர்த்தும் கொட்டடியில் வேலையாக இருந்தான்.

"வாடா மாப்ளே! வெரசா உள்ள வந்து கதவச் சாத்து. சூடு போச்சுன்னா காய் வெளுத்துரும். அப்பறம் மொதலாளி என்னையத் தூக்கித் தட்டுல காயப் போட்டுருவாரு."

வேர்த்து மெலிந்திருந்தான். தட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு கேக்கவா? குடுவைய எம்புட்டு வேகத்துல குலுக்குன?"

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அன்றைக்கே மலையை விட்டு இறங்கியிருப்பான்.

"நீ எழுதிக் குடுத்த வேகந்தேன்" என்றேன்.

கை நின்றது. பிறகு, "அப்படின்னா சரி" என்றான். "நாந்தேன் எங்கயோ கோட்ட விட்ருக்கேன். நீ எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போடுற? இருந்து சாப்ட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு மழைக்காலம் மலையிலேயே இருந்தான். இரண்டாவதில் காய்ச்சல்.

கடிதம் வந்த மறுநாள் பெல்ட்டை இறுக்கினேன். குடுவையின் கழுத்தைக் கம்பியால் கட்டினேன். அவன் சொன்ன வேகத்தில் குலுக்கினேன். ஆல்கஹாலில் ஓர் எண், ஹெக்சேனில் அதில் பாதி. அவன் எண்கள். குடுவை உடையவில்லை.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இனி யாருக்கு?" என்று மூடிவைத்தார்.

அவனுடையதாக என்னிடம் இருப்பது "அப்படின்னா சரி" மட்டும்தான். அந்தக் குரலில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்ததா என்று தினமும் தேடுகிறேன். இருந்திருந்தால் ஆறுதலாக இருக்கும். இல்லை. முழுதாக நம்பினான்.