பதினாலாம் குழாயில் ஐந்து பேர்

1. மருந்துத் தட்டுப்பாடு

கொவிட் காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு முதலில் வந்த தொல்லை நோய் அல்ல, றீஏஜன்ட் என்ற சோதனை மருந்தின் தட்டுப்பாடு. பல்கலைக்கழக விடுதியில் முடங்கிக் கிடந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முன்னம் எல்லோருக்கும் பி.சி.ஆர். செய்யச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் அதற்கு வேண்டிய மருந்தை அனுப்பவில்லை. நான் வாய் ஓயாமல் ஏசினேன். பொறுப்பாக இருந்த டொக்டர்தான் ஒரு வழி சொன்னார். ஐந்து பேரின் சாம்பிளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே குழாயில் கலந்து பார்ப்பது. அதை நாங்கள் 'கூட்டு' என்போம். கூட்டு நெகட்டிவ் என்றால் ஐந்து பேரும் பெட்டியைக் கட்டலாம். பொசிட்டிவ் என்றால் கூட்டை உடைத்து, ஐந்து சாம்பிளையும் தனித்தனியே மறுபடி மெசினில் ஓட்ட வேண்டும். அதுவரை ஐவருக்கும் அறைக்குள் அடைபட்ட மறியல்தான்.

அப்போது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக எனக்கு இருபத்தொன்பது வருட சேவை. ஒரு துளி மருந்தை வீணாக்கினாள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

2. தட்டு நிரம்பட்டும்

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பதினாலாம் குழாய் பொசிட்டிவ் வந்தது. ஐந்தும் பெண் பிள்ளைகள். விடுதிக்கு அறிவித்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, ஆய்வுகூட வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஆரு மகள் உன்ன வெளியில வரச் சொன்ன?" என்று கத்தினேன்.

"மிஸ், நான் தர்சிகா. பதினாலாம் குழாய். ஊர் கரடியனாறு. அப்பாக்குப் பாரிசவாதம், ஒரு வருசமாப் படுக்கைதான். ராவில இருந்து தண்ணியும் இறங்குதில்லையாம். என்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாராம். என்ட சாம்பிள முதல்ல போட்டுப் பாருங்க மிஸ். நெகட்டிவ் எண்டா அண்ணன் மோட்டர்சைக்கிள்ல வந்து ஏத்துவார்."

பக்கத்தில் நின்ற டொக்டர் என்னைப் பார்த்தார். "அஞ்சு சாம்பிளுக்கு மருந்து இரிக்குத்தானே மிஸ்? போடுறதெண்டா போடுங்க. உங்கட முடிவு."

மருந்து இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், மெசின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, கன்ட்ரோல் இரண்டு வைக்க வேண்டும். தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் ஐந்து சாம்பிளுக்காக அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"நாளைக் காலம பொடியன்மார்ட சாம்பிளும் வந்திரும் மகள். தட்டு நிரம்பினதும் ஒண்டாப் போடுவம். ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்டுதான். போ, அறைக்குப் போ."

அது ஒழுங்கு அல்ல. எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. அது என்னுடைய பழக்கம், அவ்வளவுதான். அவள் அழவில்லை. "சரி மிஸ்" என்று திரும்பி நடந்தாள். நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு ஓட்டம் முடிந்தது. தர்சிகா நெகட்டிவ். அதே கூட்டில் இருந்த வேறொரு பிள்ளைக்குத்தான் தொற்று. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நானே விடுதிக்கு ஓடினேன். வாசலில் விடுதிப் பொறுப்பாளர் அம்மா என்னை நிறுத்தினா.

"இனி என்னத்துக்கு மிஸ் ஓடி வாறீங்க? நேத்துப் பொழுதுபடவே தகப்பன் முடிஞ்சிற்றார். சனம் சேரக் கூடாதெண்டு காலம எட்டு மணிக்கே அடக்கமும் செஞ்சிற்றாங்க. பிள்ளை போனில பாத்துக்கொண்டு கிடந்தது."

நான் அந்த வாசற்படியிலேயே குந்திவிட்டேன். பாவி நான், வேறு என்ன சொல்ல.

3. ஒரு கடதாசி

பல்கலைக்கழகம் மறுபடி திறந்ததும் தர்சிகா ஆய்வுகூடத்துக்கு வந்தாள். ஆள் பாதியாக மெலிந்திருந்தாள்.

"மிஸ், என்ட ரிப்போட் ஒண்டு வேணும். அம்மா என்னோட கதைக்கிறா இல்ல. வர ஏலாமத்தான் நிண்டனான் எண்டு சொன்னா நம்புறா இல்ல. கடதாசியக் காட்டினா நம்புவா."

அச்செடுத்துக் கொடுத்தேன். விஞ்ஞான பீடத்துப் பிள்ளை, நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"தனி ஓட்டம் தொடங்கினது அடுத்த நாள் காலம ஒன்பது மணி. முடிஞ்சது பன்னிரண்டு. மூண்டு மணித்தியால வேலைதானா மிஸ்?"

"ஓம் மகள்."

"நான் வந்து கேட்ட அண்டைக்கு மெசின்ல வேற வேலை இருந்ததா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை.

"இல்ல மகள். சும்மாதான் கிடந்தது. நான்தான் போடல்ல."

அவள் கடதாசியை இரண்டாக மடித்து என் மேசையில் வைத்தாள்.

"இது வேணாம் மிஸ். அண்ணனக் கொண்டு அம்மா இந்த நேரத்தையெல்லாம் வாசிப்பிப்பா. பிறகு சாகுமட்டும் உங்களத்தான் ஏசுவா. இப்ப என்னைத்தானே ஏசுறா, அப்படியே இரிக்கட்டும்."

அவள் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மருந்தைச் சிக்கனமாகத்தான் பாவிக்க வேண்டும். ஆனால் குழாயில் ஒட்டிய பேருக்குரிய ஆள் வாசலில் வந்து நின்று கேட்டால், காலிக் குழிகளை எண்ணாதீர்கள், போடுங்கள். அன்று நான் மிச்சம் பிடித்த அந்த இரண்டு கன்ட்ரோலும் யாருக்கும் உதவவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் சோதிக்க ஆளில்லாமல் அவை திகதி முடிந்து கிடந்தன. நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.