ஒரே பேரில் இரண்டு சவுண்டு டிரைவர்

போடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வரும் போன்களில் பாதி "பொட்டி ஆன் ஆகல" என்றுதான் தொடங்கும். மலைமேல் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருக்கும் செல்வம் அண்ணன் அன்று போட்ட போன் வேறு மாதிரி. குரல் கரகரவென்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆத்தா, பொட்டி ஊமையாப் போச்சு. கத்திக் கத்தி என் தொண்டையும் போச்சு. வெரசா ஜீப்பு ஏறி வா!"

ஸ்டோர் என்றால் பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் இடம். சூடு மிஞ்சினால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சென்சார் மாட்டி, சூடு கூடினால் அண்ணனின் மனைவி பார்வதி அக்காவின் குரல் "விறகை இழு!" என்று குழாய் ஸ்பீக்கரில் அதட்டும்படி செய்து கொடுத்திருந்தேன். அக்கா அதட்டினால் மலையே அடங்கும்.

நான் போய் இறங்கினால் அங்கே ஒரே கூத்து! உள்ளே அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நம்பிக் கொடுத்த காய் உலர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணன் தெர்மாமீட்டரைப் பார்த்து "ராசு!" என்று அலறுகிறார். இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். அடுப்பு பார்ப்பவர் ஒரு ராசு, ஜீப்பு ஓட்டுபவர் இன்னொரு ராசு. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். இருவருக்கும் தாத்தா பேர்.

"லோடு ஏத்த விடமாட்டீகளாண்ணே? இனி ராசுன்னு கூப்பிட்டா நான் வரமாட்டேன்" என்று ஜீப்பு ராசு முறைத்தார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சத்தம் பத்தவில்லை என்று அண்ணன் புதிதாக ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கியிருக்கிறார். அவருடைய மாப்பிள்ளை நெட்டில் தேடி அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையும் தனியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். லினக்ஸின் உட்கருவான கெர்னல் அப்டேட் ஆனதும் கார்டு வாயை மூடிக்கொண்டது. மாப்பிள்ளை போட்டது என்பதால் அண்ணனுக்கு அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கெர்னலிலேயே இந்தக் கார்டுக்கு டிரைவர் உண்டு. அப்புறம் எதற்கு இன்னொன்று? இதென்ன பிரமாதம் என்று மாப்பிள்ளையின் டிரைவரை பிளாக்லிஸ்டில், அதாவது கூப்பிடக் கூடாதவர்கள் பட்டியலில், போட்டு ரீபூட் செய்தேன். அதுவரை கார்டின் பேராவது தெரிந்தது. இப்போது கார்டையே காணோம்!

வெளியே அண்ணன் மறுபடி "ராசு!" என்றார். இவர் போவார் என்று அவர், அவர் போவார் என்று இவர். ஒருவரும் வரவில்லை. சூடு ஏறுகிறது, அண்ணனுக்கு வேர்த்து ஊற்றுகிறது. பார்வதி அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏ, கீழவீட்டு ராசு! வாடா இங்க!"

அடுப்பு ராசு மட்டும் பறந்து வந்தார். விறகை இழுத்தார், காய் தப்பியது.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நானும் வெறும் ராசுவைத்தானே தடுத்திருக்கிறேன்! இரண்டு டிரைவருக்கும் பேர் snd-usb-audio. பேரைச் சொல்லித் தடுத்தால் இரண்டும் நின்றுவிடும். எந்த வீடு என்று கேட்க வேண்டும். modinfo என்ற கட்டளை கொடுத்தேன், டிரைவரின் ஃபைல் இருக்கும் பாதை வந்தது. updates என்ற ஃபோல்டர், வெளியிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் வீடு. அங்கே ஆள் இருந்தால் சிஸ்டம் கெர்னலின் சொந்த டிரைவரைக் கூப்பிடவே கூப்பிடாது.

பிளாக்லிஸ்டை நீக்கினேன். dkms remove அடித்து அந்த வீட்டைக் காலி செய்தேன். depmod கொடுத்து டிரைவர் பட்டியலைப் புதுப்பித்தேன், ரீபூட் செய்தேன். காத்திருந்தோம். அடுப்பில் புது விறகு பிடித்து, சூடு மெல்ல ஏறியது.

"விறகை இழு!"

குழாயில் விழுந்த இடியில் பக்கத்தில் நின்ற பார்வதி அக்காவே துள்ளிக் குதித்தார். "யாத்தே, நானா இப்படிக் கத்துறேன்?" அண்ணன் குரலே வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷத்தில் எனக்கு ஆடலாம் போலிருந்தது. ஜீப்பு ராசு நிஜமாகவே ஆடினார்.

மறுநாள் அண்ணன் போன் போட்டார். "காய் கிளிப்பச்ச, ஆத்தா! தோட்டக்காரக அடுத்த லோடும் எனக்கேன்னுட்டாக."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். புது கார்டு வாங்கினால் முதலில் சும்மா மாட்டிப் பாருங்கள்; கெர்னலில் உள்ளதே பேசினால் தனி டிரைவரைத் தேடிப் போகாதீர்கள். இரண்டும் சேர்ந்து மக்கர் செய்தால், ஒன்றை வெளியே அனுப்புமுன் அது எந்த வீட்டு ஆள் என்று கேட்டுவிடுங்கள்.